பொட்டு வைத்த போத்தல்

காலையில் எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை, பின்பக்கத்துப் பால்கனியில் வரிசையாக நிற்கிற போத்தல்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவதுதான். பல் துலக்குவதுகூட அதற்கப்புறம்தான். போத்தல்களுக்குள் அன்னாசித் தோலும் ஆரஞ்சுத் தோலும் பழுப்புச் சீனியும் தண்ணீரும் ஊறிப் புளித்துக்கொண்டிருக்கும். முதல் மாதம் முழுக்க உள்ளே காற்று ஏறிக்கொண்டே இருக்கும். திறந்துவிடாவிட்டால் வெடித்துவிடும் என்று கீழ்மாடிச் சீன ஆன்டி சொல்லியிருந்தார். இந்தத் தண்ணீரைச் செய்ய எனக்குக் காட்டியவர் அவர்தான். வெடிக்கிற விஷயத்தை அவர் ஒரே ஒரு தடவை, சிரித்துக்கொண்டே சொன்னார். என் காதில் அது தினமும் விழுகிறது. மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தால் பயம். வராவிட்டால், மூடி சரியாக இல்லையோ, எல்லாம் கெட்டுப்போனதோ என்று இன்னொரு பயம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஆபீசைச் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். அங்கே கொடுக்கிற வெளுப்பு மருந்தில் கை வெடித்து, விரலிடுக்கெல்லாம் சிவந்து போயிற்று. வேலையை விட முடியாது. வீட்டிலாவது அந்த மருந்தைத் தொடாமல் இருப்போம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். சீனி ஒரு டின், தோல் மூன்று டின், தண்ணீர் பத்து டின். படிவம் ஒன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்தக் கணக்கு போதும். மூன்று மாதம் கழித்து வடிகட்டினால், டீ நிறத்தில் புளிப்பு வாடையோடு தண்ணீர் இறங்கும். அதில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும், ஆரஞ்சுத் தோலைக் கொதிக்க வைத்த சாறும் கலந்தால் நிறமும் வாசனையும் ஆரஞ்சாகிவிடும்; அதில் தரை கழுவலாம். சோப்பை இரண்டு பங்காக்கினால் கழிவறைக்கு ஆகும். மற்றவர்கள் வாசனைக்குச் செராய், அதாவது எலுமிச்சைப் புல் போடுவார்கள். என் வீட்டுக்காரருக்குச் செராய் வாடை பட்டாலே தும்மல் நிற்காது. அதனால் எனக்கு ஆரஞ்சு.

ஒவ்வொரு போத்தலிலும் தாள் ஒட்டிப் பெயர் எழுதிவிடுவேன். அக்கம்பக்கத்தில் மலாய்க்காரர்களும் வாங்கிப் போவதால் கழிவறைப் போத்தலில் மலாயிலேயே ‘ஜம்பான்’ என்று பெரிதாக எழுதுவேன். யாராவது தெரியாமல் குடித்துவிடுவார்களோ என்கிற பயத்தில்தான். பாதிப் போத்தல்கள் தீபாவளிக்குத் தண்ணீரில் கலந்து குடிக்க வாங்கிய சிராப் போத்தல்கள். கழுவிக் காயவைத்து எடுத்து வைப்பேன். நல்ல போத்தலை வீசுவதற்கு மனசு வராது.

எனக்கு இருக்கிற பயங்களைப் பற்றி என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். கேஸை அணைத்தேனா என்று பாதி ரயிலில் இறங்கித் திரும்பி வந்தது மூன்று தடவை. இஸ்திரிப் பெட்டிக்காக ஒரு தடவை. மேல்தளத் தண்ணீர்க் குழாய்க்காக ஒரு தடவை, அதுவும் லீவு போட்டு. ஒரு தடவைகூட எதுவும் ஆகவில்லை. கேஸ் அணைந்திருந்தது, குழாய் மூடியிருந்தது. அதனால் என் பயத்தை மற்றவர்கள் நம்புவதில்லை. பாதி நாள் நானே நம்புவதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்சாலையில் ஒரு சின்ன அம்மன் கோயில். வெள்ளிக்கிழமை ஏழு மணிப் பூஜை முடிந்ததும் கொண்டைக்கடலையும் சிராப்பும் கொடுப்பார்கள். சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா அறுபதைத் தாண்டியவர். ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டியவர் என்பதால் கை முறம் மாதிரி இருக்கும். அந்தக் கையே வெடித்துப்போனதைக் காட்டி, “இந்தக் கடை மருந்து என் கையத் திங்குது. நீ என்னமோ காய்ச்சுறியாமே, ஒரு நாளைக்குக் கொண்டா. தரையெல்லாம் எண்ணெய், வழுக்குது” என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ கேட்டு வாங்குகிறார்கள், அதுவும் கோயிலுக்கு.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போத்தலை எடுத்தேன். தரைக்கானது தீர்ந்துவிட்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்குக் கழிவறை மருந்துதான் இன்னும் நல்லது, சோப்பு கூடுதல். ஒரு சிராப் போத்தல் நிறைய அது இருந்தது. ஆனால் போத்தலில் ‘ஜம்பான்’ என்று எழுதியிருக்கிறதே. அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு கோயில் படி ஏறுவதா? தேங்காய் எண்ணெய் தடவித் தாளைச் சுத்தமாக உரித்தேன். வேறு தாள் எழுதி ஒட்டியிருக்கலாம். அந்த யோசனை வரவில்லை. அதற்குப் பதிலாகச் சாமி மேடைக்குப் போய்ச் சந்தனமும் குங்குமமும் தொட்டு, போத்தலின் கழுத்தில் பொட்டு வைத்தேன். எங்கள் வீட்டில் எதையும் அப்படித்தான் ஆரம்பிப்போம். லோரிக்கு வைத்தோம், வாஷிங் மெஷினுக்கு வைத்தோம். கோயிலுக்கு முதல்முதலாகப் போகிற என் போத்தலுக்கு வைக்காமல் இருப்பேனா?

கோயிலில் யாரும் இல்லை. சமையல்கட்டு பூட்டியிருந்தது. ஆபீஸ் வாசலில் ஒரு மேசை. உபயம் கொடுக்கிறவர்கள் அரிசி, எண்ணெய், பால், சிராப் எல்லாம் அதன் மேல்தான் வைத்துவிட்டுப் போவார்கள். நானும் வைத்தேன். நாளைக்கு அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி கேஸைப் பற்றிப் பயந்தேன். போத்தலைப் பற்றி ஒரு துளி பயம் வரவில்லை. இதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நாலு மணி இருக்கும். ஆபீஸ் பேன்ட்ரியில் கப் கழுவிக்கொண்டிருந்தேன். மீட்டிங்குக்காக ஒரு பெண் ஜக்கில் ஆரஞ்சு சிராப் கலந்துகொண்டிருந்தாள். “ஆன்டி, உங்களுக்கும் ஒரு கப் ஊத்தவா?” என்று போத்தலைத் தூக்கிக் காட்டினாள். அதே போத்தல். அதே நிறம். அதே வாசனை.

கையிலிருந்த கப் தொட்டிக்குள் விழுந்தது.

தாள் இல்லை. பொட்டு இருக்கிறது. உபய மேசையில் இருக்கிறது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

“ஆன்டி, ஓகேயா?” என்றாள் அந்தப் பெண். நான் வெளியே வந்து கோயில் ஆபீசுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்கு முன்னால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். அக்காவின் நம்பர் என்னிடம் இல்லை. தினமும் பார்க்கிறவருக்கு எதற்கு நம்பர் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு அடித்தேன். அவர் போர்ட்டில் லோரியோடு வரிசையில் நின்றார்.

“ஏங்க, கோயிலுக்குக் கொடுத்த போத்தல சிராப்புன்னு கலக்கிட்டாங்கன்னா?”

“யாரு?”

“சமையல்கட்டு அக்கா.”

“அந்த அக்கா நாப்பது வருஷமா சமைக்குது. சிராப்பு எது சோப்பு எதுன்னு தெரியாதா? போன வாரம் இஸ்திரிப் பெட்டி, இந்த வாரம் அம்மனா?”

“வாசனை அப்படியே ஆரஞ்சுங்க. நான் பொட்டு வேற வச்சுட்டேன்.”

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. “பொட்டு எதுக்கு லா வச்ச?” என்றார். அப்புறம், “எனக்கு முன்னால இருவது லோரி நிக்குது. நான் வர்றதுக்கு எட்டாயிரும். நீ போ” என்றார்.

எத்தனையோ தடவை ‘ஒண்ணும் ஆகாது, பேசாம இரு’ என்றவர், அன்றைக்கு ‘நீ போ’ என்றார். கப்பையெல்லாம் தொட்டியிலேயே விட்டுவிட்டுச் சூப்பர்வைசரைத் தேடி ஓடினேன்.

சூப்பர்வைசர் தம்பி என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்தான். “இன்னிக்கு என்னக்கா, கேஸா, பைப்பா?”

“கோயிலு தம்பி. சின்னப் புள்ளைங்க குடிக்கிறது.”

என்ன புரிந்ததோ, “போங்க, போங்க, கார்டு நான் பஞ்ச் பண்ணிக்கிறேன்” என்றான்.

ரயில் வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. ஏறி உட்கார்ந்த பிறகு மனசு இரண்டாகப் பிரிந்து பேசியது. ஒன்று, இது வழக்கமான பயம், போய்ப் பார்த்தால் போத்தல் மேசையிலேயே இருக்கும், அக்கா சிரிப்பார் என்றது. இன்னொன்று, வெள்ளிக்கிழமை வரிசையில் முதலில் நிற்பது யார் என்று கேட்டது. பிள்ளைகள்தான். தேவாரம் பாடிவிட்டு நேரே கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சோப்பு வயிற்றில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கு இவ்வளவு போனால் இவ்வளவு ஆகும் என்று ஓர் அளவு தெரியும். அளவு தெரியாதவர்களுக்கு எல்லாமே விஷம்தான். சூபாங் தாண்டி ரயில் ஒரு மணி நேரம் நின்றது. ஒலிபெருக்கியில் மலாயில் மன்னிப்புக் கேட்டார்கள். நான் கோயில் நம்பரை அடித்துக்கொண்டே இருந்தேன்; ஆறு மணிக்கு அப்புறமும் ஆபீசில் யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், “ஆஸ்பத்திரிக்காம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாமென்று தலையை ஆட்டிவைத்தேன். அவர் என் முழங்கையைத் தடவிக் கொடுத்தார்.

ஏழு மணிக்கு மேல்தான் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினேன். நேரே மேசையைப் பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி காலி.

சமையல்கட்டில் அக்கா நீல நிறத் தோங்குக்கு முன்னால் நின்றிருந்தார். குளிக்கிற தொட்டி அளவுக்குப் பெரிய வாளி அது. விளிம்பு வரை ஆரஞ்சு நிறம், மேலே ஐஸ் கட்டிகள் மிதந்தன. கையில் நீட்டுக் கரண்டி.

“அக்கா, ஊத்திட்டீங்களா?”

“யாருக்கு? பூஜையே முடியல. உனக்கு அவ்ளோ தாகமா?”

“நேத்து மேசையில ஒரு போத்தல் வச்சேன். தாள் இல்லாதது. பொட்டு வச்சது.”

“எல்லாத்துக்கும்தான் பொட்டு வச்சேன். உபயம் வந்தா நான் பொட்டு வச்சுத்தான் உள்ள எடுப்பேன். நீ வேற தனியா வச்சியா?”

“அது சிராப்பு இல்லக்கா. கழுவுற தண்ணி.”

அக்கா கரண்டியை நிறுத்தினார். “அது ட்ரம்மு மாதிரி தோம்புல வரும்னுல்ல பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றார்.

காலிப் போத்தல்கள் மூலையில் ஒரு கறுப்புப் பைக்குள் கிடந்தன. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஏழு. பாதிப் போத்தல்களில் தாள் ஐஸ் தண்ணீரில் ஊறிக் கழன்றிருந்தது. ஏழிலும் குங்குமம். ஒவ்வொன்றாக மோந்தேன். ஏழும் ஆரஞ்சு. சன்னதியில் மணி அடிக்கத் தொடங்கியது. தீபாராதனை ஆகிறது என்று அர்த்தம். அடுத்தது இந்தத் தோங்குதான்.

அப்போது எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது. எது சோப்பு, எது சோப்பில்லை என்று பார்க்கப் படித்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு போத்தலிலும் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். மூடி, குலுக்கி, வரிசையாகத் தரையில் நிறுத்தினேன். சிராப்பும் நுரைக்கும். ஆனால் அந்த நுரைக்கு ஆயுசு கிடையாது. சோப்பு நுரை அடங்காமல் நிற்கும்.

ஏழிலும் நுரை. எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்குள் நான்கில் அடங்கியது. நாற்பதில் இன்னும் இரண்டு. கடைசிப் போத்தலில் கழுத்துவரை வெள்ளையாக நின்றது. ஐம்பது. அறுபது. அக்காவும் என் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது. அடங்கிவிடு தாயே என்று கேட்டேன். நூறு வரைக்கும் எண்ணினேன். அது அப்படியே நின்றது.

“அதான் கசந்துச்சா” என்றார் அக்கா.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“ருசி பார்த்தேன். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கசப்பு. ஆரஞ்சுல தோல் கசப்பு இருக்கும்ல. இன்னும் ஒரு கிலோ சீனி போட்டேன்.”

“எவ்ளோ குடிச்சீங்க?”

“ரெண்டு கரண்டி. சீனி போட்டப்புறம் இன்னும் ஒண்ணு.”

வாசலில் கப் சத்தம் கேட்டது. திரும்பினால் பிள்ளைகள் நின்றார்கள், பின்னால் பெரியவர்கள். அக்கா என்னைப் பார்த்தார். என்ன சொல்வது என்று நான் ரயிலில் யோசிக்கவே இல்லை. போத்தலைக் கண்டுபிடிப்பது வரைக்கும்தான் யோசித்திருந்தேன்.

“யாரும் இத குடிக்கக் கூடாது” என்றேன். “இதுல சோப்பு கலந்துருச்சு. கொண்டாந்தது நான்தான். நான் செஞ்ச கழுவுற தண்ணி.”

வரிசையில் ஒருவர், “அப்ப கடலையாவது நெசக் கடலைதானா?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு தாய் பிள்ளையின் கையிலிருந்த வெறும் கப்பைப் பிடுங்கி மோந்து பார்த்தாள்.

நானும் அக்காவும் இன்னும் இரண்டு ஆண்களும் தோங்கைச் சாய்த்தோம். சீனியும் ஐஸும் பிறர் உபயமாகக் கொடுத்த ஆறு போத்தல் சிராப்பும் பின்பக்கத்து லோங்காங்கில் இறங்கின. கால்வாய் முழுக்க ஆரஞ்சு நுரை. சமையல்கட்டுத் தரையிலும் கொஞ்சம் வழிந்தது. அக்கா காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “எண்ணெய் நல்லாத்தான் போவுது” என்றார். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

அன்றைக்கு எல்லோரும் பச்சைத் தண்ணீர் குடித்தார்கள்.

நான் அக்காவைப் பிடித்து இழுக்காத குறையாக தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வழியெல்லாம், “தோட்டத்துல என்னென்ன மருந்து மேல பட்டுச்சு தெரியுமா, இது என்ன பழத்தோலு” என்று புலம்பினார். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். வாந்தியோ வயிற்று வலியோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வரவில்லை என்றால் பயமில்லை என்றார். அந்த ‘வரவில்லை என்றால்’ என்பதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

சனிக்கிழமை காலை மூடிகளைத் திறப்பதற்கு முன்பே அக்கா வீட்டு வாசலில் நின்றேன். தோசை மாவு கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை வெறுமனே போக வெட்கப்பட்டு, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழி என்று சொன்னேன். அவர் வீடு ஸ்டேஷனுக்கு எதிர்த் திசையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர் கதவைத் திறந்துகொண்டே, “இன்னும் உசுரோடதான் இருக்கேன் லா. இன்னிக்கு என்ன கொண்டாந்த?” என்றார். பிறகு உள்ளே போய் ஒரு தாளில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். “பயம் வந்தா அடி. நேர்ல வந்து வந்து என்னைக் குண்டாக்காத.”

சிராப் போத்தல்கள் அத்தனையையும் கசக்கி வீசிவிட்டேன். இப்போது துணி சோப்பு வருகிற சதுரக் கேனில் மட்டும்தான் ஊற்றுகிறேன். ஆரஞ்சுச் சாறு போடுவதில்லை. வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஊற்றுகிறேன். வீடே கசப்பு வாடை. வீட்டுக்காரர் தும்மவில்லை, முகத்தைத்தான் சுளிக்கிறார். இரண்டு மாதம் என் வீட்டுப் படி ஏறி யாரும் மருந்து கேட்கவில்லை. முதலில் கேட்டது அக்காதான். கொடுத்தேன். அம்மன் கோயில் சமையல்கட்டில், அடுப்புக்குக் கீழே, ‘ஜம்பான்’ என்று நான்கு பக்கமும் எழுதிய கேன் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. பொட்டு இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிறேன். தீபாராதனை மணி அடிக்கும்போது சமையல்கட்டில் இருப்பேன். அக்கா தோங்கிலிருந்து ஒரு கப் மொண்டு என்னிடம் நீட்டுவார். சாமிக்குக் காட்டுவதற்கு முன்பே குடிக்கிறாளே என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். இனிப்பாகத்தான் இருக்கும். கப்பைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அடியில் கிடக்கிற நுரை அடங்குகிறதா என்று பார்ப்பேன். அடங்கிய பிறகு தலையை ஆட்டுவேன். அப்புறம்தான் அக்கா பிள்ளைகளைக் கூப்பிடுவார்.